பிள்ளையார் ஜன்னலில் ஓர் ஏலக்காய்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஓய்வுபெற்ற பிறகும் டீ குடிக்கிற சாக்கில் நான் அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பதால், உங்களை வேவு பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்தால் டிவி விளம்பரங்களில் எழுத்து சரியில்லை, நிறம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேனாம். என் வீட்டுக்காரர்தான் என்னைத் துரத்திவிடுகிறார்.

போன தடவை வந்தபோது உங்களில் ஒரு பெண், மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அந்தக் கிளிப்பச்சை முட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "கையை எடு கண்ணு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த டீ முழுவதும் கீபோர்டில் கொட்டியது. கீபோர்டுக்காக வருந்துகிறேன். சத்தத்துக்காக வருந்தவில்லை. அந்தக் காகித முட்டை உங்களைவிடச் சீனியர். கடையில் மானிட்டர்கள் மாறிக்கொண்டே இருந்தன, முட்டை மட்டும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பத்திரமாகக் குடிபோயிற்று. அது எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்லிவிட்டால் சுரண்ட மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நான் நல்லேப்பிள்ளிக்காரி. வயலும் வரப்புமாக இருக்கிற சமவெளியிலிருந்து வண்டன்மேட்டு மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்தக் கடையில் நான் முதலில் பார்த்த வேலை பில் போடுவது, நோட்டீஸ் மடிப்பது, கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது. மஞ்சள் தடவுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் கண் மட்டும் எப்போதும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சுழலும் நாற்காலி மீதுதான் இருக்கும். அதில் உட்கார்ந்திருந்த ஆப்பரேட்டர் தம்பி விரலை அசைத்தால் மயில் தோகை விரித்தது. நான் கையை அசைத்தால் மஞ்சள்தான் ஒட்டியது.

ஒரு தீபாவளி நெருக்கத்தில் அந்தத் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். நம் முதலாளியைக் கடைவீதி முழுவதும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவர் போடியிலிருந்து வேறொரு ஆப்பரேட்டரை வரவழைக்கலாம் என்று போனை எடுத்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "நான் உக்காந்து பாக்கட்டுங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

அண்ணாச்சி போனைக் காதிலிருந்து எடுத்தார். "ஏ தனம், நீ மவுஸத் தொட்டிருக்கியா?"

"தெனமும் தொடச்சு வெக்கறது நாந்தானுங்ண்ணா."

அவர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. "சரி, ராசையாவுக்குத் தீபாவளி வாழ்த்து அட்டை ஒண்ணு போடணும். அத நீயே போட்டுக் காட்டு. ஒழுங்கா வந்துதுன்னா நாற்காலி ஒனக்கு. வரலன்னா போடிக்காரன் வருவான். நீ பழையபடி மஞ்சள் தடவப் போ."

ராசையா சொந்தத் தோட்டமும், காயை உலர்த்துகிற ஸ்டோரும் வைத்திருந்த ஏலக்காய்க்காரர். வடக்கே இருக்கிற வியாபாரிகளுக்கு நேரடியாகச் சரக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். அவர்கள் யாரும் இவர் முகத்தைப் பார்த்ததில்லை. தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அனுப்பினால் நாலு பேர் மனதில் நிற்கும் என்பது அவருடைய கணக்கு.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அது சுழன்று என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தது. அதுதான் முதல் பாடம்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? வெளிநாடு போன தம்பியைப் போனில் அழைத்துக் கேட்டேன், அவன் அவசரத்தில் இரண்டு விஷயம் சொன்னான். அச்சில் பச்சை மங்கும் என்பது ஒன்று. தப்பு செய்தால் இந்தப் பொத்தானை அழுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்பது இன்னொன்று. நாற்பது வயதுக்கு மேல் ஒருத்தியிடம், செய்த தப்பை இல்லாமல் ஆக்குகிற பொத்தான் ஒன்று இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்! எனக்குப் பித்தே பிடித்துவிட்டது. வேண்டுமென்றே யானையைத் தலைகீழாக நிறுத்துவேன், பொத்தானை அழுத்துவேன், யானை நேராக நிற்கும். விளக்கை அழிப்பேன், அழுத்துவேன், விளக்கு எரியும். என் கல்யாணம் முதல் காலையில் தீய்ந்த தோசை வரை எல்லாவற்றுக்கும் இந்தப் பொத்தான் இருந்திருந்தால் என்று நினைத்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வாசலில் நின்ற வாடிக்கையாளர் பயந்துபோய் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

நான் போட்ட முதல் அட்டையில் குத்துவிளக்கு, மத்தாப்பு, மயில், யானை, தேயிலைத் தோட்டம், படகு எல்லாம் இருந்தன. படகு எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். இருந்தது, வைத்தேன்.

அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூடத் தெரியாது. ஆனால் டிசைனைச் சோதிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. மானிட்டரைத் தெருப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க டீக்கடையில் போய் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். என்ன தெரிகிறதோ அதுதான் டிசைன். தெரியாததெல்லாம் குப்பை.

அங்கிருந்து கத்தினார். "தனம்! சந்தை கூடுனாப்ல இருக்கு! எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு!"

மயிலை அனுப்பினேன். யானையை அனுப்பினேன். படகு போகும்போது எனக்குக் கண் கலங்கியது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். பஸ் நின்றால் கண்டக்டரும் இறங்கி வந்து சொன்னார்.

கடைசியில் ராசையாவே ஒரு முடிவுக்கு வந்தார். "யம்மா, ஒண்ணும் வேண்டாம். என் காய் மட்டும் இருந்தாப் போதும்" என்று தன் ஸ்டோரிலிருந்து ஒரு கை நல்ல காயைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அந்த ஏலக்காயை எங்கே வைப்பது? நானாக ஓர் அமைப்பை உருவாக்க எனக்குத் தெரியாது. திறந்தால் கலைந்து போகாமல் இருந்த ஒரே கோப்பு, நம் கடையின் பிள்ளையார் ஜன்னல் பத்திரிகை. உங்களுக்குத் தெரியும், அட்டையின் முன்பக்கம் முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியே உள்பக்கப் பிள்ளையார் தெரிவார். பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் இருந்த முட்டை வடிவத்துக்குள் ஏலக்காய்ப் படத்தை வைத்தேன். வாழ்த்து அட்டைக்கு ஓட்டை எதற்கு, முன்பக்கத்தில் படமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஜன்னலை வெட்டாமல் விட்டோம்.

படம் என் போனில் எடுத்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் ராசையாவின் அருமையான காய், காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல வெளிறித் தெரிந்தது. அப்போதுதான் திரையில் நிறத்தைக் கூட்டுகிற அந்தப் பட்டையைக் கண்டுபிடித்தேன். கொஞ்சம் இழுத்தேன், காய்க்கு உயிர் வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், மழையில் குளித்தது போல ஆனது. அச்சில் பச்சை மங்கும் என்று தம்பி சொன்னது ஞாபகம் வந்தது. கடைசி வரை இழுத்தேன்.

"இப்பத்தான் தெரியுது!" என்று அண்ணாச்சி டீக்கடையிலிருந்து கத்தினார். அங்கே நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். ராசையா காய் ஏலம் விடுகிற மண்டபத்தில் மும்முரமாக இருந்தார். படத்தை ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டதற்கு, "ஒங்களுக்குத் தெரியாததா? அடிச்சிருங்க" என்றார். அச்சடிக்கச் சிவகாசிக்கு அனுப்பினோம்.

கட்டு வந்து இறங்கிய அன்று அண்ணாச்சி எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கினார். நான் ஓர் அட்டையை எடுத்து மை வாசனையை முகர்ந்தேன். கிளிப்பச்சையில் ஏலக்காய் கண்ணைப் பறித்தது. உலகத்திலேயே அழகான பொருள் அதுதான் என்று சத்தியமாக நினைத்தேன்.

ராசையா ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே அவருடைய கூட்டாளி வியாபாரி ஒருவரும் வந்தார். கூட்டாளிதான் முதலில் அட்டையை வாங்கினார். பார்த்தார். ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்தார். படத்திலிருந்த ஏலக்காயை அந்த விரலால் அழுத்தித் தேய்த்தார். பிறகு விரல் நுனியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஓய் ராசையா, சாயம் நல்லாப் புடிச்சிருக்குவே!" என்று சொல்லிவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிறிய காயைப் பச்சைச் சாயத்தில் முக்கி நல்ல விலைக்குத் தள்ளுகிற ஆட்கள் உண்டு. அதனால் காய் வாங்குகிறவர்கள் ஈர விரலிலோ வெள்ளைத் துணியிலோ தேய்த்து, பச்சை ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஒட்டினால் அந்த ஆளோடு அதற்கப்புறம் பேச்சு கிடையாது. சாயம் என்பது இங்கே கெட்ட வார்த்தை.

ராசையா சிரிக்கவில்லை. கூட்டாளியிடமிருந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். "யம்மா, சாயம் போடாத காய்னு எனக்கு ஒரு பேரு இருக்கு. அந்தப் பேர நம்பித்தான் மொகந் தெரியாதவன் எங்கிட்ட வாங்குதான். இத அனுப்புனா, நான் சாயக்காரன்னு நானே மைக்கு வச்சுச் சொன்ன மாதிரி ஆயிரும்லா?"

என் இடது கை தானாக மேசை மேல் ஊர்ந்து, எல்லாவற்றையும் பழையபடி ஆக்குகிற அந்தப் பொத்தானைத் தேடியது. பொத்தான் கிடைத்தது, அழுத்தவும் செய்தேன். கட்டுக்குள் இருந்த அட்டைகள் அப்படியே கிளிப்பச்சையாகக் கிடந்தன.

மறுநாள் காலையில் கூரியரில் போட்டால்தான் தீபாவளிக்குள் போய்ச் சேரும். சிவகாசியில் திரும்ப அடிக்க இடமே கிடைக்காது. அண்ணாச்சி போனை எடுத்து, போடி ஆப்பரேட்டரைக் காலைப் பஸ்ஸில் ஏறி வரச் சொன்னார். என் நாற்காலி என்னோடு சேர்ந்து லேசாகச் சுழன்றது.

டீக்கடையே கடைக்குள் வந்துவிட்டது. ஏலக்காய் மேல் தீபம் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார் ஒருவர். மேலே ஒரு மயிலை அடிக்கலாம் என்றார் இன்னொருவர். அட்டையை ஏலக்காய் உலர்த்துகிற உலையில் வைத்தால் நிறம் மங்கிவிடும் என்றார் கண்டக்டர். கூட்டாளி வியாபாரி பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, நெருக்கடி வந்தால் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் எதையாவது சேர்க்கத்தான் தோன்றும். நானும் முதலில் மயிலைத்தான் நினைத்தேன். ஆனால் மேசையில், மானிட்டருக்குப் பக்கத்தில், ராசையா கொடுத்த பொட்டலம் பிரிந்து கிடந்தது. அதிலிருந்த காய்கள் மென்மையான பச்சை. ஒன்றிரண்டில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. அவை என்னைப் பார்த்து, எங்களுக்கு என்ன குறை கண்டாய் என்று கேட்பது போல இருந்தது. அட்டையில் இருந்த முட்டை வடிவத்தைப் பார்த்தேன். அது பிள்ளையார் ஜன்னலின் அளவு, இம்மியும் பிசகாமல்.

"அண்ணா," என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "யானையையும் மயிலையும் அனுப்பிச்ச மாதிரி, இந்த ஏலக்காயையும் ஊட்டுக்கு அனுப்பிப் போடலாமுங்க."

"என்ன சொல்லுத?"

"பிள்ளையார் ஜன்னல் வெட்டுற அச்சு நம்மகிட்டயே இருக்குதுங்களே. இந்தப் பச்சைய முழுசா வெட்டி எடுத்துப் போடலாம். ஜன்னலுக்கு உள்ளார நெசக் காயவே கட்டி வெச்சுப் போடலாமுங்க."

கூட்டாளி வியாபாரி பஜ்ஜியை மெல்லுவதை நிறுத்தினார்.

"கூரியர்ல நசுங்கிருமே யம்மா?" என்றார் ராசையா.

"நசுங்கட்டுமுங்க. நசுங்குனா இன்னும் நல்லா மணக்குமுங்க."

ராசையா சிரித்த சிரிப்பில் மேசை மேலிருந்த ரசீதுகள் பறந்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன். உடனே ஜீப்பைத் திருப்பி ஸ்டோருக்கு ஓட்டினார். காய் தரம் பிரிக்கிற பெண்களை ஜீப் பிதுங்கப் பிதுங்க ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். முன் சீட்டில் முத்துலட்சுமி, அந்தக் குழுவின் தலைவி, மடியில் ஒரு முறம் காயோடு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணாச்சி வெட்டுகிற இயந்திரத்தில் தானே நின்றார். டக், டக் என்று ஒவ்வொரு அட்டையிலிருந்தும் ஒரு கிளிப்பச்சை முட்டை உதிர்ந்தது. நான் பசை பாட்டிலை எடுத்தேன். முத்துலட்சுமி என் கையைத் தட்டிவிட்டாள்.

"யக்கா, பசையா? அவுக பிச்சு டீயில போட்டா நாறிராதா?"

அவர்கள் அதை டீயில் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த தங்க நூலை எடுத்தோம். ஊசியால் இரண்டு துளை, ஒரு காய், ஒரு முடிச்சு. பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு அட்டையிலும் ஓர் ஏலக்காய் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சாயங்காலம் முழுவதும் கடை சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. அண்ணாச்சி அறியாமல் அவர் தோள் துண்டின் நுனியில் முத்துலட்சுமி ஒரு காயைக் கட்டிவிட்டாள். அவர் எதிர்ப்பக்கம் போய், வழக்கம்போலக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அட்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

"ஏ தனம், ஒண்ணும் தெரியலியே!" என்று கத்தினார். கொஞ்சம் நின்றார். மூக்கை உறிஞ்சினார். "ஆனா இம்புட்டுத் தூரத்துக்கு மணக்குது!"

மணந்தது அவருடைய துண்டு. யாரும் சொல்லவில்லை.

காலையில் கட்டுகள் கூரியரில் ஏறின. அடுத்த பஸ்ஸில் போடி ஆப்பரேட்டர் தோளில் பையோடு வந்து இறங்கினார். மிஞ்சியிருந்த ஓர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது எந்த சாப்ட்வேர்ல பண்ணுனது?"

"பிள்ளையார்லீங்க."

"புது வெர்சனாக்கா?" என்றார், மிகுந்த மரியாதையோடு.

அண்ணாச்சி குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. ஆனாலும் வந்த ஆளை அவர் திருப்பி அனுப்பவில்லை. நாற்காலியில் போடிக்காரர் உட்கார்ந்தார். நான் போய் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். வாழ்த்து போய்ச் சேர்ந்து, ராசையாவின் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும்வரை அண்ணாச்சி வாயைத் திறக்கப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. அந்தத் தீபாவளிக்கு நான் சுட்ட அதிரசம் கல்லாக இருந்தது. மனது முழுவதும் கூரியர் வண்டியிலேயே போய்க்கொண்டிருந்தது.

தீபாவளி முடிந்து கடை திறந்த அன்று ராசையா ஜீப்பை ரோட்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே ஓடி வந்தார். போனை எல்லோர் முகத்துக்கும் நேரே நீட்டினார். வடக்கே இருக்கிற ஒரு பெரிய வியாபாரி அனுப்பிய படம். நம் அட்டைதான். ஜன்னலில் இருந்த காயைப் பிய்த்திருக்கிறார். ஈரம் பண்ணியிருக்கிறார். நம் அட்டையின் வெள்ளைப் பகுதியிலேயே வைத்து, அழுத்தித் தேய்த்திருக்கிறார். தேய்த்த தடம் நன்றாகத் தெரிந்தது. ஈரம், சுருக்கம், அவ்வளவுதான். அட்டை வெள்ளையாகவே இருந்தது. கீழே ஒரே வரி: இந்தக் காய் இன்னும் இருக்கிறதா?

"பாத்தீகளா? பாத்தீகளா?" என்று ராசையா குதித்தார். "வாழ்த்து அனுப்புனா, அதுலயே தேச்சுப் பாத்திருக்கான்யா! அவன் தேப்பான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து யார் என்ன பொருளோடு வந்தாலும், இதை வாங்குகிறவர் எதைப் பார்த்து நம்புவார் என்று முதலில் கேட்டுவிடுவேன். கேட்க மறந்தால் மாட்டிக்கொள்வேன். நல்லேப்பிள்ளியில் என் தம்பி பொங்கல் வாழ்த்துக்கு அனுப்பிய பச்சை வயல் படத்தை நான் ஆசை ஆசையாகத் தங்க நிறமாக்கி அனுப்ப, "ஏனக்கா, நம்ம வயலு ஏன் இப்படித் தீஞ்சு கெடக்குது?" என்று அவன் அலறியது வேறு கதை. நீங்களும் ஒருநாள் எதையாவது கடைசி வரை இழுப்பீர்கள். அப்போது கண்ணில் படட்டும் என்றுதான் அந்த முட்டை அங்கே இருக்கிறது.

அண்ணாச்சி ராசையாவின் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு வெட்டிப்போட்ட கிளிப்பச்சை முட்டைகள் கிடந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். போடிக்காரரிடம், "தம்பி, ஒனக்கு இன்னொரு மெசின் வாங்குதேன், அதுவரைக்கும் இந்த ஸ்டூல்ல உக்காரு" என்றார். அவர் எழுந்துகொண்டார். அண்ணாச்சி முட்டையின் முதுகில் பசை தடவி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார்.

"இது இங்கனயே இருக்கட்டும்," என்றார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நீயும் இங்கனயே இரு."

கையில் இருந்த மஞ்சளை முந்தானையில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். காலால் தரையை ஒரு உந்து உந்தினேன். ராசையா, போடிக்காரர், அண்ணாச்சி, வாசல், ரோடு, டீக்கடை எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்து என் முன்னால் நின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். நான் இன்னொரு சுற்று சுற்றினேன்.